அழித்து மூன்று கிலோமீட்டர்

முப்பது வருடம் தணிக்கை அதிகாரியாக இருந்தவருக்குச் சந்தேகப்படாவிட்டால் சோறு செரிக்காது. காரில் எஞ்சின் விளக்கு எரிந்த மறுநாளே, கட்டைவிரல் அளவில், கோளாறு காட்டும் ஒரு ஸ்கேனர் வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினார். மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றது கைபேசிச் செயலி. காரணம் பன்னிரண்டு இருக்கலாம் என்று கைகழுவிவிட்டது. பன்னிரண்டையும் படித்து முடித்தபோது அவர் அரை எஞ்சினியர் ஆகியிருந்தார்.

முந்தின நாள்தான் மேட்டில் ஏறும்போது, பின்னால் லாரி வர, வண்டி திணறி நின்றிருந்தது. நர்ஸான மனைவிக்கு மறுநாள் முதல் மலைமேல் ஆஸ்பத்திரியில் வேலை. அவருக்கோ மெக்கானிக்கின் திருட்டைப் பிடிப்பதுதான் முதல் வேலை. வீட்டிலேயே அந்தக் கோளாறுப் பதிவை யாருக்கும் தெரியாமல் அழித்தார். இனி மெக்கானிக் மூன்றாவது சிலிண்டரைத் தவிர எதைச் சொன்னாலும் கையும் களவுமாக மாட்டுவான்.

மனைவியோடு பட்டறைக்குப் போனார். மெக்கானிக் தன் கருவியைச் செருகினான். கோளாறு எதுவும் காட்டவில்லை என்றான். தணிக்கையாளருக்கு முகம் தொங்கிவிட்டது.

"ஆனா யாரோ அழிச்சிருக்காங்க சார். அழிச்சு மூணு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு."

வீட்டிலிருந்து பட்டறை சரியாக அவ்வளவு தூரம். தனக்கு ஒன்றும் தெரியாது என்றார் அவர். மெக்கானிக் தயங்கியபடி அவர் மனைவியைப் பார்த்தான். மாட்டிக்கொண்ட அதிகாரிகள் குமாஸ்தாவைக் கைகாட்டுவதை எத்தனையோ முறை பார்த்தவர், இப்போது தானே மெல்ல ஓரமாக நகர்ந்துகொண்டார்.

"ஆமா தம்பி, நான்தான்," என்றாள் அவள். "இவர் வண்டிக்குள்ள உக்காந்திருந்தப்போ, நான் உள்ள குளிச்சிட்டே அழிச்சேன்."

எந்தக் கோளாறு என்று தெரிந்தால் பத்து நிமிட வேலை. தெரியாவிட்டால் வண்டி இரண்டு நாள் இங்கேயே நிற்கட்டும், மலை ரோட்டுக்கு இப்படியே அனுப்ப மாட்டேன் என்றான் மெக்கானிக்.

தணிக்கையாளர் கூரையைப் பார்த்தார். டயர் அடுக்கைப் பார்த்தார். மனைவியை மட்டும் பார்க்கவில்லை.

"மூணாவது சிலிண்டர்," என்றார் மெதுவாக.

எப்படித் தெரியும் என்று மெக்கானிக் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் உறைத்தது. அவன் பானெட்டைத் திறந்து சோதித்து, தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் காயிலை மாற்றினான். எஞ்சின் குலுங்காமல் ஓடியது.

பழைய காயிலைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தேடறீங்க," என்றாள் மனைவி. "உங்க கைரேகையா?"