பேக்கிங் போதவில்லை என்று ஒரு வரி

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. பார்சல் கட்டும் கடையில், கையில் சுவர்க்கடிகாரத்தோடு காத்திருந்தபோது, மேசைமேல் கிடந்த அடுத்தவர் கடிதத்தைப் படித்துவிட்டேன். அது தலைகீழாகக் கிடந்தது, நான்தான் கழுத்தைத் திருப்பிப் படித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதம். "பேக்கிங் போதுமானதாக இல்லாத காரணத்தால் தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது." அந்த வரியின் மேல் யாரோ டீ கிளாஸை வைத்திருந்தார்கள். வேண்டுமென்றேதான் வைத்திருக்க வேண்டும்.

2

முதல் தொடக்கம்: அந்தப் பீங்கான் ஜாடி வெறும் ஜாடி அல்ல, அது ஒரு

(வாக்கியத்தை இங்கேயே இறக்கிவிட்டேன். அது வெறும் ஜாடிதான். முழங்கால் உயரம், நீலப் பூ, கனமான மூடி. ஒரு பல் டாக்டர் தன் அக்காவுக்கு அனுப்பியது.)

இரண்டாம் தொடக்கம்: பதினெட்டு வருஷத்தில் அவள் கட்டிய எதுவும் உடைந்ததில்லை.

இது நிற்கும். அவளுக்குப் பேக்கிங் அக்கா என்று பெயர்; அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெட்டியைக் கட்டி முடித்ததும் காதருகே தூக்கி ஒரு குலுக்குக் குலுக்குவாள். உள்ளே இம்மென்று ஒரு சத்தம் கேட்டாலும் போச்சு, எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். வரிசையில் நிற்பவர்கள் பெருமூச்சு விட்டால் அவளுக்குக் காது கேட்காது.

ஜாடி போன இடத்தில் துண்டு துண்டாக இறங்கியது. டாக்டரின் அக்கா போட்டோ எடுத்து அனுப்பினார். அதை வைத்து இன்சூரன்ஸ் கேட்டார்கள்; மேலே சொன்ன கடிதம் வந்தது. டாக்டர், "போனா போகுது, விடுங்கக்கா," என்று அதோடு மறந்துவிட்டார். பேக்கிங் அக்காவால் முடியவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தாள்.

"பணம் வேணாம் சார். அந்த வரிய மட்டும் எடுத்துடுங்க."

"அப்படி ஒரு வரிய மட்டும் எடுக்க முடியாதுங்க மேடம்."

"சேர்க்கத் தெரிஞ்சுதுல்ல?"

நான்காவது போனில் அவர்களுக்கே அலுத்துப்போய், ஜாடியைத் திரும்ப வரவழைத்து வையுங்கள், ஆய்வாளரை அனுப்புகிறோம் என்றார்கள்.

3

இனி அவள் கணவர் உள்ளே வரவேண்டும். வேறு வழியில்லை, அவர் அடுத்த அறையில்தான் இருக்கிறார். உடைந்த பீங்கானை ஒட்டித் தருவது அவர் தொழில். எங்கே உடைந்தது என்று உங்களால் கண்டுபிடிக்க முடிந்தால் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

பெட்டி திரும்பி வந்த அன்று அவள் கடையில் இல்லை, டேப் வாங்கப் போயிருந்தாள். வந்து பார்த்தால் மேசைமேல் ஜாடி நிற்கிறது. முழுசாக.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"கை சும்மா இருக்கல."

"உடைஞ்சதக் காட்டணும்னுதானே வரவழைச்சேன்? இப்ப நான் எதக் காட்டுவேன்?"

அவர் கையில் ஒட்டியிருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தார்.

4

மறுநாள் காலை ஆய்வாளர் வந்தார். ஜாடியை மூன்று சுற்றுச் சுற்றினார், உள்ளே டார்ச் அடித்தார், விரலால் தடவினார்.

"எங்க மேடம் உடைஞ்சிருக்கு?"

"இங்கதான் சார்... இல்ல, இந்தப் பக்கம்." அவளுக்கே தெரியவில்லை.

(இங்கே என் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினேன். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.)

ஆய்வாளர் கெட்டவர் அல்ல. கெட்டவராக எழுதிப்பார்த்தேன், ஒட்டவில்லை. யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். "அடி வெளிய இருந்து பட்டிருந்தா அது வண்டிக்காரங்க தப்பு, பேக்கிங் தப்பு இல்ல. அந்த வரிய எடுத்துடலாம். போட்டோல அது தெரியல; துண்டுங்களக் கையில எடுத்துப் பார்த்து ஒட்டினவர் இந்த சார் ஒருத்தர்தான். எழுதிக் கொடுக்கட்டும், போதும்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. தாளையும் பேனாவையும் கணவர் பக்கம் தள்ளினாள். "இருந்தத அப்படியே எழுதுங்க. எனக்காகக் கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

அவர் பேனாவை எடுக்கவில்லை.

5

கதை இங்கே படுத்துவிட்டது. இரண்டு நாள் எழுப்பிப் பார்த்தேன், எழவில்லை. கோளாறு கணவரிடம்தான். "கை சும்மா இருக்கல" என்று அவரைச் சொல்லவைத்தது நான். ஆனால் அவர் வீட்டிலேயே காது உடைந்த டீ கப் ஒன்று மூன்று வருஷமாக அப்படியே புழங்குகிறது.* அப்படிப்பட்ட மனுஷன், யாரும் கேட்காமல், ஒரே மதியத்தில் முழு ஜாடியையும் ஒட்டுவானேன்?

* அவள் நினைவூட்டாத நாளில்லை. "நாளைக்கு" என்பது அவர் பதில்.

ஒருவழியாகப் பிடித்துவிட்டேன். பீங்கானில் அடி பட்ட பக்கம் சின்னதாகப் பெயரும், மறுபக்கம் பெரிதாகப் பெயரும். அவர் எடுத்த துண்டில் உள்ளே கடுகளவு, வெளியே கட்டைவிரல் அளவு. அடி உள்ளிருந்து வந்திருக்கிறது. உள்ளே என்ன இருந்தது? மூடி. தனியாகச் சுற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டியதை, அன்று அவசரத்தில் ஜாடிக்குள்ளேயே, ஒரே ஒரு காகிதம் சுற்றி வைத்திருக்கிறாள். இறுக்கமாக உட்கார்ந்திருந்ததால் குலுக்கியபோது சத்தம் வரவில்லை; வழியில் வண்டி குலுக்கியதில் நெகிழ்ந்து இடித்திருக்கிறது.

(அன்று வரிசையில் அடுத்து நின்று, "கொஞ்சம் சீக்கிரம்க்கா," என்றவன் யார் என்று கேட்காதீர்கள். அவனைக் கதையிலிருந்து நீக்கிவிட்டேன்.)

ஆக, அவர் ஒட்டியது ஜாடிக்காக இல்லை. அந்தத் துண்டு அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக.

6

முடிவு அ: அவர் "வெளியே" என்று எழுதுகிறார். கடிதத்தில் அந்த வரி போய்விடுகிறது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன் அன்றிலிருந்து

முடிவு ஆ: "உள்ளே" என்று எழுதுகிறார். எழுதிவிட்டு அவளை நிமிர்ந்து

முடிவு இ: பேனாவில் மை தீர்ந்துவிடுகிறது. (வெட்கமாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

நான் இப்படி மூன்று பக்கமும் முட்டிக்கொண்டிருந்தபோது, அவள் தாளைப் பார்க்கவில்லை, கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்து பழகிய முகம்.

"மூடிய நான் எங்க வெச்சிருந்தேன்?" என்றாள்.

அவர் பார்வை ஜாடியின் மூடிக்குப் போனது.

"சொல்லுங்க. உள்ளயா?"

"நீ வேணும்னேவா பண்ணின?" என்றார் அவர், மெதுவாக.

ஆய்வாளருக்கு ஒன்றும் புரியவில்லை. "மேடம், எழுதிட்டா நான் கிளம்பிடுவேன்."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள். "நானே எழுதறேன் சார்," என்றாள்.

7

தாள் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. எனக்கு அவள்மேல் பிரியம் வந்துவிட்டது. நான் எழுதினால் அவளைக் காப்பாற்றத்தான் எழுதுவேன். அவள் கணவர் செய்ததும் அதுதான், அது அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதை நீங்களும் நானும் பார்த்தோம். அதனால் நான் விலகிக்கொள்கிறேன். அவள் என்ன எழுதினாள் என்பதை நீங்கள் எழுதுங்கள். அவசரமில்லை, ஆய்வாளரை நான் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.