மூன்று சிறு ஓட்டைகள்

வாருங்கள், வாசகர்களே! ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்தைப் பார்த்த ஓர் அலுவலகக் கூடத்தில் நடந்த அநீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள்.

வாடகைக்குக் குடியிருப்போர் வீட்டு முகவருக்கு வாடகை கட்டவும் பழுதுப் படம் அனுப்பவும் வேறு வழியின்றிப் பயன்படுத்தும் இணையதளம் ஒன்றை அந்த நிறுவனம் நடத்திவந்தது. அதில் பாதுகாப்பு ஓட்டை தேடுவதே நரெலின் பணி. அவளுடைய தங்கை லீஆனும் அத்தளத்தில் இருந்தாள். அடித்து நொறுக்கிய கணவனிடமிருந்து தப்பி, இருக்கும் ஊரையே மறைத்து வாழ்ந்தவள் அவள். பழைய மின்னஞ்சலை மட்டும் அவளால் விட முடியவில்லை. அடுத்த வீடு பெறத் தேவையான வாடகைச் சான்றுகள் அனைத்தும் அதனோடு கட்டுண்டிருந்தன. அந்த மின்னஞ்சல் கணவனுக்கு மனப்பாடம்.

நரெல் கண்டவை மூன்று. கடவுச்சொல் மறந்தோர் பக்கத்தில் எவருடைய மின்னஞ்சலை இட்டாலும் அவருடைய வாடகைக் கணக்கு எண் வெளிப்பட்டது. அந்த எண்ணைக் கொண்டு, அவர் அனுப்பிய பழுதுப் படங்களை எவரும் திறக்க முடிந்தது. படத்துக்குள்ளோ, அது எடுக்கப்பட்ட இடத்தின் வரைபடக் குறிப்பு அழியாமல் கிடந்தது. மூன்றையும் கோத்தால் வாசற்கதவு வரை வழி!

ஆனால் நிறுவனத்தின் வழக்கப்படி ஒவ்வோர் ஓட்டையும் தனித்தனியே எடைபோடப்பட்டது. மூன்றுக்கும் ‘சிறிது’ என்று முத்திரை குத்தி மூடிவிட்டார்கள். கொதித்துப்போய்க் காலைக் கூட்டத்தில் எழுந்தாள் நரெல்.

“மறுபடியும் அதே பல்லவியா, நரெல்? இன்னிக்கு யாரு சாகப்போறா?” என்றான் மேலாளர் டேரன், காபியை உறிஞ்சியபடி.

“தனியாப் பாத்தா சின்னதுதான். சேத்துப் பாரு, டேரன்.”

“சேத்துப் பாக்க நம்ம படிவத்துல கட்டமே இல்லியே, தாயே!”

கூடம் சிரித்தது.

“நீயும் வாடகை வீடுதானே, நம்ம தளத்துலதானே இருக்க? உன் மெயிலைப் போட்டுக் காட்டட்டுமா?”

“தாராளமா போடு. நான் அனுப்புனது ஒழுகற குழாய் படம்தான்.”

போட்டாள். எண் வந்தது. ஒழுகும் குழாய் வந்தது. அதன் பின்னே கொடியில் அவன் மகளின் நீச்சலுடை. அடுத்து, பெரிய திரையின் வரைபடத்தில் அவன் வீட்டுக் கூரையே வந்து நின்றது.

சிரிப்பு செத்தது. டேரன் கோப்பையைக் கீழே வைத்தான்.

“இதை மொதல்ல தூக்கு. என்னோடதை மட்டும், இப்பவே. மத்ததெல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

“உன்னோடது மட்டுமா? என் தங்கச்சியைத் தேடறவன் அடுத்த மாசம் வரைக்கும் பொறுப்பானாடா?”

நரெல் வெளியே வந்து தங்கையை அழைத்தாள்.

“நீ அனுப்புன படத்தையெல்லாம் அழிச்சிடு, லீஆன்.”

“அழிக்க பட்டனே இல்லியே, நரெல்.”

“அப்போ பெட்டியைக் கட்டு. நான் வண்டி எடுத்துட்டு வர்றேன்.”

மறுமுனையில் அலமாரிக் கதவு திறக்கும் ஓசை கேட்டது.

“மறுபடியுமா?” என்றாள் லீஆன்.

அடித்த கணவன் தன் வீட்டில் நிம்மதியாக இருக்க, குற்றமற்றவள் பெட்டி கட்டுகிறாள்! வாடகைக்குக் குடியிருக்கும் வாசகரே, இன்றே உங்கள் வீட்டு முகவரை அழையுங்கள். என் படங்களை யார் பார்க்கிறார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை ஒரு படமும் அனுப்பாதீர்கள்!