ஏலத்துக்கு நேர்ந்த மெசின்

வின்சன்ற் மூன்று கரண்டி சோறும் ஒரு துண்டு மீனும் சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் சரிந்தான். பள்ளிக்கூடம் விட இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அதற்குள் சின்ன நித்திரை ஒன்று போட்டுவிட்டு, வானை எடுத்துக்கொண்டு போய்ப் பதினான்கு பிள்ளைகளை ஏற்றி வர வேண்டும்.

மேர்லின் கோப்பைகளைக் கழுவாமல் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குறட்டை இல்லை. முன்பெல்லாம் அவன் குறட்டை செட்டிபாளையத்தில் அவர்கள் வீட்டு ஒழுங்கை முழுவதும், கடைசி வீடு வரை கேட்கும். அதற்காகவே ஆறு வருடம் அவள் பக்கத்து அறையில் படுத்தாள். போன வருடம் அவனுக்கு நூற்றி நாற்பத்திரண்டு கிலோ. கொழும்பில் இரைப்பையைச் சிறிதாக்கும் ஒப்பரேசன் செய்து எட்டு மாதம். இப்போது தொண்ணூற்றாறு. குறட்டை அடங்கியதும் ஒரு நாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு, புதுமாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டு, அவள் அறை வாசலில் வந்து நின்றான். நித்திரையில் மூச்சு நிற்காமலிருக்க டொக்டர் கொடுத்த, மாஸ்க் வழியாகக் காற்றடிக்கும் மெசினை அன்றோடு அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டான்.

இப்போது அவன் நெஞ்சு எழும்பி எழும்பி விழுந்தது. மூக்கின் அருகே அவள் புறங்கையை வைத்தாள். காற்று வரவில்லை. மனதுக்குள் எண்ணினாள். இருபத்திரண்டு வரை போனதும் தொண்டையில் ஏதோ இடறி, ஒரு பெரிய மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி அடங்கினான்.

ஒரு மாதமாக இதுதான் அவள் வேலை. இரவில் மூச்சு நின்றால் முழங்கையால் இடிப்பாள். அவன் புரண்டு படுப்பான். அவள் விழித்திருப்பாள். கண் எந்நேரமும் எரிந்தது. நேற்றுப் பாலர் பாடசாலையில் பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்கும்போதே அவள் கதிரையில் தூங்கிப்போனாள். "டீச்சர் நித்திர" என்று அவர்கள் வாயைப் பொத்திச் சிரித்த சத்தத்தில்தான் விழித்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வின்சன்றின் அக்கா பீற்றிஸ் ஒரு வெறும் பையோடு வந்தாள்.

"எங்க கா அந்த ஆனத் தும்பிக்கக் குழாய் மெசின்? ஃபாதர் லிஸ்டில எழுதிப்போட்டார். பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில."

ஞாயிற்றுக்கிழமை கோயில் பெருநாள். பூசை முடிந்ததும், சனம் நேர்ந்து கொடுத்த சாமான்களை வாசலில் ஏலம் போடுவார்கள். ஒப்பரேசனுக்குப் போகும் முன் வின்சன்ற் மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்று, குணமாகி வந்தால் மெசினை ஏலத்துக்குத் தருகிறேன் என்று நேர்ந்திருந்தான். பெரியகல்லாற்றுக் கோணாமலை, தானும் குறட்டைக்காரன் என்பதால், யார் கேட்டாலும் விடமாட்டேன் என்று இப்போதே சொல்லித் திரிந்தான்.

"மெல்லக் கதையுங்க மச்சாள், படுக்கிறார்."

"குழந்தப்பிள்ள மாதிரிப் படுக்கிறான். பாக்கவே ஆசையாக் கிடக்கு."

"கிட்ட வந்து பாருங்க."

பீற்றிஸின் கையைப் பிடித்து அவன் மூக்கருகே வைத்தாள் மேர்லின். பீற்றிஸ் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்புப் போய்விட்டது.

"மாதாவே! எழுப்பு கா! மூச்சில்ல!"

வின்சன்ற் திடுக்கிட்டு விழித்து இருவரையும் பார்த்தான்.

"என்ன, ரெண்டு பேரும் சுத்தி நிக்கிறீங்க? நான் செத்தா போயிட்டன்?"

யாரும் சிரிக்கவில்லை.

"மெசினக் குடுக்க ஒண்ணா," என்றாள் மேர்லின். "உங்களுக்கு இன்னும் மூச்சு நிக்குது. ஒரு மாசமாப் பாத்துக்கொண்டுதான் இரிக்கன்."

"குறட்டையே இல்லையே!"

"சத்தம் இல்ல. மூச்சும் இல்ல."

"மாஸ்க்கப் பூட்டினா ஓரத்தால காத்துச் சீறுது. இனி வேணாமெண்டு உடம்பே சொல்லுது, நீ என்ன சொல்றாய்?"

"உங்கட முகம் மெலிஞ்சிட்டு. களிசான் பெருசாப் போனமாதிரி மாஸ்க்கும் பெருசாப் போச்சு. ஆறு மாசத்தில திரும்பச் சோதிக்கணும், அதுக்கு முன்ன மெசின விடவேணாமெண்டு டொக்டர் சொன்னவர்தானே? நானும் வாய மூடிக்கொண்டு இருந்திட்டன்."

"ஏன் இருந்தாய்?"

மேர்லின் மச்சாளைப் பார்த்தாள். பீற்றிஸ் முற்றத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க ஆறு வருசத்துக்குப் பிறகு அறைக்கு வந்தீங்க," என்றாள் மேர்லின். "மெசினோட திரும்பப் போயிருவீங்களெண்டு பயம்."

வின்சன்ற் தளர்ந்து தொங்கிய கழுத்துத் தோலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அப்ப வயித்த வெட்டினது வீணா?"

"வீணில்ல. சீனி வருத்தக் குளிச பாதியாக் குறைஞ்சிட்டு. பாலத்தில நடக்கிறீங்க. ஆனா..." அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். "வானுக்குள்ள பதினாலு பிள்ளைகள்."

அவன் எழுந்து, ஆணியில் தொங்கிய வான் திறப்பை எடுத்தான். கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"காலையில வான் ஓடக்க கல்லடியில ஒருக்காக் கண் சொருகினது," என்றான் மெதுவாக. "வெயில் எண்டு நினைச்சன்."

திறப்பை மேசையில் வைத்துவிட்டு, மற்ற வான்காரன் அன்ரோவுக்கு ஃபோன் எடுத்தான்.

"அன்ரோ, இண்டைக்கு என்ர பிள்ளைகள நீ ஏத்துறியா? நான் ஓடல்ல. இல்லடா, உடம்புக்கு வருத்தமொண்டுமில்ல." கொஞ்சம் நிறுத்தினான். "ஓம். வருத்தந்தான்."

"அப்ப நேர்த்தி?" என்றாள் பீற்றிஸ்.

"குணமானா எண்டுதானே நேர்ந்தன் அக்கா."

"மாதாவோடயே சட்டம் கதைக்கிறான்! கோணாமலைக்கு நான் என்னத்தச் சொல்ல?"

"டொக்டருக்குக் காட்டச் சொல்லுங்க. எனக்கு அளவு வச்ச காத்து அவனுக்குச் சரிவராது."

பீற்றிஸ் வெறும் பையை மடித்துக்கொண்டு முணுமுணுத்தபடி போனாள்.

அந்த வாரமே நித்திரைச் சோதனை செய்தார்கள். முன்பு மணிக்கு அறுபத்தொரு தடவை நின்ற மூச்சு இப்போது பதினெட்டுத் தடவை நின்றது. பெரும்பகுதி எடையோடு போய்விட்டது என்றார் டொக்டர். மீதி அவனுடைய ஒடுங்கிய தொண்டையாலும் சின்னத் தாடையாலும் வருவது, அதை எந்த ஒப்பரேசனாலும் மெலிய வைக்க முடியாது என்று சிரித்தார். மெசினின் காற்றைக் குறைத்து, மூக்குக்கு மட்டும் பூட்டும் சின்ன மாஸ்க் ஒன்றைத் தந்தார். ஒழுங்காகப் பூட்டிப் படுத்து, மறுபடி வந்து காட்டும்வரை வான் ஓட வேண்டாம் என்றார்.

பஸ்ஸில் திரும்பினார்கள். வீட்டுக்கு வரும்போது மூன்று மணி. வெயில் வாவிக்கு மேல் அப்படியே நின்றது.

"பூட்டிப் பாப்பமா?" என்றான் வின்சன்ற்.

அவன் தன் பழைய அறைக்குப் போவான் என்று அவள் நினைத்தாள். அவன் மெசினைத் தூக்கிக்கொண்டு அவள் கட்டிலடிக்கு வந்து, குனிந்து பிளக்கைத் தேடினான். அவள் பட்டியை இறுக்கிவிட்டாள். காற்று எங்கும் சீறவில்லை. சரியாக இருக்கிறதா என்று ஐந்து நிமிடம் பார்ப்போம் என்று, உடுப்புக்கூட மாற்றாமல் பக்கத்தில் சாய்ந்தாள்.

கண் திறந்தபோது அறை இருட்டியிருந்தது. வின்சன்ற் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கன்னத்தில் பட்டி பதிந்த தடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு இன்னும் படுக்கவேண்டும் போலிருந்தது.

"எத்தின தரம் நிண்டது?" என்று கேட்டாள்.

"ஆருக்குத் தெரியும்? நீதானே பாத்துக்கொண்டு இருக்கிறவள்."

"நான் பாக்கல்ல."

"அப்ப ஒருத்தரும் பாக்கல்ல," என்றான் வின்சன்ற். "படு. தேத்தண்ணி நான் ஊத்துறன்."