பின்சீட் இல்லாத வண்டி

"நான் ஒக்காந்தா மட்டும் அந்த வெளக்கு ஏன் எரியுது அய்யா?"

ஜெனிஃபர் இப்படிக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. நெல் அடிக்கும் இயந்திரத்தின் மேலிருந்து விழுந்து, வலது கால் தொடை வரை மாவுக்கட்டில் இருந்தது. வாரம் ஒருமுறை செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விறைத்து நீண்ட காலோடு அவளைப் பேருந்தில் ஏற்ற முடியாது. காவாந்தண்டலத்தில் அப்போது இருந்த ஒரே கார் முத்துகிருஷ்ணனுடையது. கப்பலில் இன்ஜின் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்த சிவப்பு நிற ஜப்பான் வண்டி. தரையை உரசுவது போல ஓடும். இரண்டே இருக்கைகள். கார் வாங்கியவன் குடும்பத்தோடு போக வேண்டாமா என்று ஊர் சிரித்தது. பிள்ளையில்லாத வீட்டுக்கு அது போதும் என்று அவர் மனைவி ராணியம்மாள் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் அவள் காதுபடச் சிரிக்கவில்லை.

காலை நீட்டித்தான் அந்த வண்டியில் உட்கார முடியும். மாவுக்கட்டுக்கென்றே செய்தது போல இருந்தது. ஆனால் பின்சீட் கிடையாது. இருந்திருந்தால் கூலிக்கார ஆல்பர்ட்டின் மகளை அதில் கிடத்தியிருப்பார்கள், ஊரும் வாயை மூடிக்கொண்டிருக்கும். இல்லாததால் அவள் முத்துகிருஷ்ணன் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். டீக்கடையில் ஒருவர் கேட்டே விட்டார்: "இன்னாப்பா, காலனிப் பொண்ண பக்கத்துல குந்த வச்சிகினு போறியாமே?" முத்துகிருஷ்ணன் டீயை ஆற்றியபடியே, "டிக்கில வச்சிப் பாத்தேன், காலு நீட்ட எடம் பத்தல," என்றார். கேட்டவர் அப்புறம் கேட்கவில்லை.

ஆல்பர்ட்டுக்கும் அந்த வண்டியில் இடம் இல்லை. முதல் பஸ்ஸில் முன்னாடியே போய் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பார். வண்டி காலனி முனைக்கு வரும்போது ராணியம்மாள் அதில் உட்கார்ந்திருப்பாள். காலையில் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழி அது. இறங்கி, ஜெனிஃபரை இரண்டு கையாலும் தூக்கி, தான் உட்கார்ந்திருந்த சூடு ஆறாத இடத்தில் வைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டு, ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு நடந்தே போவாள். முத்துகிருஷ்ணன் சாவியை உருவி, டேஷ்போர்டில் இருந்த இன்னொரு துளையில் நுழைத்துத் திருப்பிவிட்டு, பிறகுதான் வண்டியைக் கிளப்புவார். கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்புகிற மாதிரி அதுவும் ஒரு வழக்கம் என்று ஜெனிஃபர் நினைத்திருந்தாள். அப்போதுதான் அந்தச் சின்ன மஞ்சள் விளக்கு எரியும். ராணியம்மாள் உட்கார்ந்திருக்கும்போது அது எரிந்ததில்லை.

அவள் கேட்டதற்கு முத்துகிருஷ்ணன் ரோட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னார்: "யாரு ஒக்காந்துகினு கீறாங்கன்னு வண்டிக்குத் தெரிய வேணாமா?"

கால் கூடியது. மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள். ஆனால் தன்னைத் தெரிந்து வைத்திருந்து விளக்கேற்றிய ஒரு வண்டி உலகத்தில் உண்டு என்ற எண்ணம் அந்தக் குழந்தைக்குள் வெகுகாலம் இருந்தது. மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றும்போதுகூட அந்த மஞ்சள் விளக்கு நினைவுக்கு வரும். இப்படிப்பட்ட எண்ணங்கள் குழந்தைகளுக்கு எவ்வளவு பலம் தருகின்றன என்பதைக் கொடுத்தவர்கள் அறிவதில்லை.

*

இப்போது ஜெனிஃபருக்கு முப்பது வயது. ஒரகடத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு, உத்திரமேரூரில் செங்கல்பட்டு ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறாள். வருவது பெரும்பாலும் டிராக்டர், ஷேர் ஆட்டோ, நெல் மூட்டை ஏற்றும் டெம்போ. சனிக்கிழமை காலை அந்தச் சிவப்பு வண்டி கடை வாசலில் வந்து நின்றபோது, கையில் இருந்த டெஸ்டரைக் கீழே வைக்க மறந்து போனாள். நிறம் வெளுத்திருந்தது. கூரைத் துணியில் ஒட்டுகள். இறங்கியவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கச் சற்று நேரமானது.

"ஆல்பர்ட் பொண்ணு தானே நீ?"

"ஆமா சார்."

சார் என்று எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவரும் அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு கணம் தயங்கியது போல இருந்தது. பிறகு வேலையைச் சொன்னார். வண்டி மோதினால் விரிந்து ஆளைத் தாங்குகிற பை, அந்த ஏர்பேக்கின் விளக்கு சிவப்பாக எரிகிறது, அணையவே மாட்டேன் என்கிறது.

"வெளக்க அணைக்கச் சொல்லி வரல மா. அத யார் வேணா புடுங்கிடுவான். பை வேல செய்யணும்."

அவர் சொல்லி முடிக்கும்முன் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ராணியம்மாள் இறங்கினாள். அன்று எட்டு வயதுப் பிள்ளையை அலுங்காமல் தூக்கிய கைகள் மெலிந்து, மணிக்கட்டுக்கு மேல் ஊசி குத்திய இடம் தடித்திருந்தது.

"கேளு மா நாயத்த," என்று வரும்போதே ஆரம்பித்தாள். "வண்டி நல்லாதான் ஓடுது. வெளக்கு எரியுதாம், அதனால என்னை ஏத்த மாட்டாராம். பொண்டாட்டி ஆட்டோல வரா, இவரு மட்டும் கார்ல ஜம்முனு வராரு."

"வெளக்கு எரிஞ்சா பை வராது ராணி."

"எனக்கு எதுக்குப் பை? நான் இன்னா மார்க்கெட்டுக்கா போறேன்?"

ஜெனிஃபருக்குச் சிரிப்பு வந்தது. முத்துகிருஷ்ணனுக்கு வரவில்லை. ராணியம்மாளுக்கு வாரம் இரண்டு முறை செங்கல்பட்டில் டயாலிசிஸ். விளக்கு எரிய ஆரம்பித்ததிலிருந்து அவர் ஏற்றவில்லை. அவளும் வேறு வண்டியில் போகவில்லை. நேற்றைய முறை தவறிவிட்டது. திங்கட்கிழமை காலையும் தவறினால் நிலைமை மோசமாகும் என்று டாக்டர் போனில் சொல்லியிருக்கிறார்.

"டாக்சில போய்ட்டு வரலாமே ஆயி?"

"போறது போலாம். திரும்பி வரப்ப வாந்தி வருதே. எவனோ ஒருத்தன் கண்ணாடில பாத்துகினே வர, நான் வாந்தி எடுத்துகினு வரணுமா? இவருன்னா திட்டிகினே தொடைப்பாரு. பயகிப் போச்சி."

அவள் நாற்காலியைத் தேடி உட்காரப் போனதும் முத்துகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார். "என் கை முன்ன மாதிரி இல்ல மா. பிரேக்கு மிதிக்கிறதும் கொஞ்சம் லேட்டாவுது. ஏதாச்சும் ஒண்ணுன்னா அவளுக்கு அந்தப் பை வந்தே ஆவணும். அது இல்லாம அவள அங்க ஒக்கார வச்சிகினு என்னால ஓட்ட முடியாது."

"திங்கக்கெயம காலைல வண்டி ரெடியா இருக்கும் சார்," என்றாள் ஜெனிஃபர். என்ன பழுது என்றே தெரியாமல் அப்படிச் சொல்லக் கூடாது என்பது தொழிலில் முதல் பாடம்.

*

அவளிடம் இருந்த ஸ்கேனர் அந்தப் பழைய வண்டியோடு பேசவில்லை. அதன் பிளக்கே வேறு வடிவம். ஆனால் அந்தக் காலத்து வண்டிகள் தம் நோயைத் தாமே சொல்லும். சாவியைப் போட்டுவிட்டுப் பொறுமையாகப் பார்த்தால் சிவப்பு விளக்கு நிறுத்தி நிறுத்திக் கண் சிமிட்டும். நீளமாகச் சில, குட்டையாகச் சில. அவள் அதைப் பேனாவால் உள்ளங்கையில் குறித்துக்கொண்டாள். பழுதுக் குறிகளின் பட்டியலோடு ஒத்துப் பார்த்ததில், பயணி பக்கத்துப் பைக்குப் போகிற மின்சாரப் பாதையில் எங்கோ தடை.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தாள். பைக்குள் வெடிமருந்து இருக்கிறது, மிச்ச மின்சாரம் வடியாமல் கை வைக்கக் கூடாது. காத்திருந்த நேரத்தில் பக்கத்து டிங்கரிங் கடைப் பீட்டர் எட்டிப் பார்த்தான். அவனும் காவாந்தண்டலம்தான், அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

"அய்யோ, நம்ம கப்பல்காரர் வண்டி. இன்னாவாம்?"

சொன்னாள்.

"பல்பப் புடுங்கி வுட்டுட்டு போவியா. பெருசுக்கு இன்னா தெரியப் போவுது?"

"பெருசு கப்பல் இன்ஜினையே கயட்டி மாட்டினவரு. உன்ன மாதிரி சுத்தியல வச்சிகினு எல்லாத்தையும் தட்டல."

பீட்டர் சிரித்துக்கொண்டே வண்டிக்குள் தலையை நுழைத்து டேஷ்போர்டைத் தடவினான். "இங்க ஒரு மஞ்சா லைட்டு எரியும், தெரியுமா? நான் ஒக்காந்தா மட்டும் எரியும்."

ஜெனிஃபர் நிமிர்ந்தாள். "உனக்கா?"

"நாய் கடிச்சி ஊசி போட இட்டுகினு போவாரு இல்ல, அப்ப. எனக்கோசரம் தான் எரியுதுன்னு சொன்னாரு. நம்ம கிளாசு அம்முலுவும் காச்சல்ல அதுல போனா, அவளுக்குத்தான் எரிஞ்சுதுன்னு சொல்லுவா. அதுக்கு ஒருநாள் பெரிய சண்ட."

அவன் போய்விட்டான். அந்த விளக்கு தனக்கு மட்டும் எரியவில்லை என்று தெரிந்ததும் ஜெனிஃபருக்கு முதலில் ஒரு சின்ன ஏமாற்றம் வந்தது. முப்பது வயதில் இதற்காக வருத்தமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பிறகு கை வேலையைத் தொடங்கியது.

இருக்கைக்கு முன்னால் இருந்த கிளவ் பாக்ஸைக் கழற்றி, மஞ்சள் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் சுத்தமாக இருந்தன. வயரில் எலிக்கடி இல்லை. கடைசியாக மிச்சமிருந்தது டேஷ்போர்டில் இருந்த அந்தச் சாவித்துளை. பின்சீட் இல்லாத வண்டிகளில் மட்டும் வைக்கிற பூட்டு. பெரியவர்களைக் காப்பாற்றுகிற அதே பை, வெடித்து விரியும் வேகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் கழுத்தை முறித்துவிடும். பிள்ளையைப் பின்னால் உட்காரவைக்க இடமில்லாததால், முன்னால் உட்காரும்போது பையை நிறுத்தி வைக்க ஒரு பூட்டு. நிறுத்தினால் மஞ்சள் விளக்கு எரியும்.

இதை அவள் சர்வீஸ் சென்டரில் படித்திருக்கிறாள். பரீட்சைகூட எழுதியிருக்கிறாள். ஆனால் பாடத்தில் இருந்த பூட்டும், கற்பூரம் ஏற்றுவது போல முத்துகிருஷ்ணன் திருப்பிய சாவியும் ஒன்று என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

பூட்டை வெளியே எடுத்துப் பிரித்தாள். சாதாரணமாக இது ஒரு வண்டியின் ஆயுளில் ஓரிரு முறை திரும்பினாலே அதிகம். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இந்தப் பூட்டில் சாவித்துளையின் விளிம்பு வழுவழுப்பாகியிருந்தது. உள்ளே செம்பு நாக்கு காகிதம் போல மெலிந்து, நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. ஒவ்வொரு பிள்ளை ஏறும்போதும் நிறுத்தி, இறங்கியதும் ராணியம்மாளுக்காக மறுபடி ஓட விட்டிருக்கிறார். நாய் கடித்தவன், காய்ச்சல்காரி, காலொடிந்தவள், ஊரில் யார் யாரோ. பள்ளத்தில் அவள் விரல் நுனியை வைத்துப் பார்த்தாள். அந்தப் பள்ளத்தில் அவளுடைய பங்கும் இருந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்காகத் தேய்ந்து தேய்ந்துதான் கடைசியில் ராணியம்மாளுக்கு மின்சாரம் போகாமல் நின்றிருக்கிறது.

நேர் வயராக இணைத்துவிட்டால் போதும், ஒரு மணி நேர வேலை. பை எப்போதும் தயாராக இருக்கும், விளக்கும் அணையும். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் அந்த இருக்கையில் உட்கார முடியாது. முத்துகிருஷ்ணனுக்குப் போன் செய்து, இனிமேல் சின்னப் பிள்ளைகள் யாராவது அதில் ஏறுவார்களா என்று பொதுவாகக் கேட்டாள்.

"யாரு வரப் போறா? இப்பதான் வூட்டுக்கு வூடு வண்டி கீதே," என்றார். பிறகு தானாகவே, "வந்தா ஏத்திகினுதான் போவேன்," என்றார்.

சென்னையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஒருவரைப் பிடித்தாள். அதே வகை வண்டியின் பூட்டு, யாரும் திருப்பாத பூட்டு, அவரிடம் ஒன்று இருந்தது. இரவு பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வேதப்புத்தகத்தோடு வாசலில் நின்றாள்.

"பூசைக்கு வரலியா?"

"நீ போ மா. ஒரு வேல பாக்கி கீது."

"ஞாயித்துக்கெயமையிலயா?"

ஜெனிஃபர் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கடையின் ஷட்டரைப் பாதி ஏற்றி, குனிந்து உள்ளே போனாள். பீட்டர் கடை பூட்டியிருந்தது. ரோட்டில் நடமாட்டம் இல்லை. டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து, புதிய பூட்டை மாட்டி, ஒவ்வொரு கனெக்டரையும் 'டிக்' என்று கேட்கும் வரை அழுத்தினாள். ஒவ்வொன்றையும் மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பேட்டரி வயரை இணைத்தாள். திங்கட்கிழமை அவரிடம் என்னவென்று சொல்வது என்று யோசித்து, சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்ல முடிவு செய்தாள். தேய்ந்த பூட்டைப் பழைய இரும்பு டப்பாவில் போட்டாள்.

பிறகு கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, ராணியம்மாளின் புடவையில் கறை படாமல் இருக்க இருக்கையை ஈரத்துணியால் துடைத்து, அதில் தானே ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். கால் இப்போது முன்பக்கம் தட்டியது. முழங்காலை மடக்கிக்கொண்டாள்.

எட்டி இன்ஜின் சாவியைத் திருப்பினாள். சிவப்பு விளக்கு எழுந்தது, சற்று நேரம் நின்றது, அணைந்தது. மறுபடி வரவில்லை.

சாவியை உருவி, டேஷ்போர்டில் இருந்த துளையில் நுழைத்து, நிறுத்தும் பக்கம் திருப்பினாள். மறுபடி இன்ஜின் சாவியைப் போட்டதும், சின்னதாக, மஞ்சளாக, அந்த விளக்கு எரிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். தூரத்தில் மாதா கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

மணி ஓய்ந்ததும் சாவியை எடுத்து, ராணியம்மாளுக்காகத் திருப்பி வைத்தாள். மஞ்சள் விளக்கு அணைந்தது. ஷட்டருக்கு அடியில் புகுந்த வெயில் டேஷ்போர்டு வரை வந்து, இருண்ட அந்தச் சிறு வட்டத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது.