பீக்கர் உடைகிற கல்லூரி

அப்பாவின் முகத்தை அம்மா மழித்துக்கொண்டிருந்தாள். வெந்நீர்க் கிண்ணத்தைப் பிடித்திருந்த சின்னவளின் கைப்பேசி மறுபடி ஒலித்தது. கல்லூரி இடத்தை உறுதி செய்ய நான்கு மணிதான் கெடு.

அப்பா ஓட்டியது கல்லூரிகளுக்கு ஆய்வுக்கூடச் சாமான் ஏற்றிச்செல்லும் வேன். நேற்று மாலை அதை ஓரமாக நிறுத்திவிட்டு, இருக்கையிலேயே சாய்ந்தவர் அப்புறம் எழவில்லை. கணக்கும் அறிவியலும் நன்றாகச் சொல்லித்தருகிற, நம்மால் பணம் கட்டக்கூடிய கல்லூரி எது என்று சின்னவள் கேட்டபோது அவர் யாரையும் விசாரிக்கவில்லை. இருபது வருடமாகப் பின்வாசல் வழியே சாமான் இறக்கியவருக்கு அவரளவில் ஓர் அளவுகோல் இருந்தது.

"வருஷம் முழுக்க ஒரு பீக்கர்கூட உடையலைன்னா, அலமாரியில பூட்டி வச்சு அழகு பாக்குறாங்கன்னு அர்த்தம். பிள்ளைங்க கையில குடுத்தா உடையாம இருக்குமா?"

கணக்குத் துறைக்குச் சாக்பீஸ் எத்தனை பெட்டி போகிறது என்று பார்ப்பார். இரண்டிலும் முதலிடம், சுவரெல்லாம் காரை பெயர்ந்த அரசுக் கல்லூரிக்கு.

பெட்டியை எண்ணிக் காலேஜ் பிடிக்கிறவன் உலகத்திலேயே தன் தம்பி ஒருத்தன்தான் என்று பெரியப்பா கேலி செய்வார். இன்று காலையில் சின்னவளைத் தனியே அழைத்து, கண்ணாடிக் கட்டடம் உள்ள அந்தப் பெரிய கல்லூரியிலேயே சேரச் சொன்னார். செலவு தன் பொறுப்பாம். அவளால் மறுக்க முடியவில்லை. பணம் கட்ட முடியாததை மறைக்க அப்பா சொன்ன கதைதானோ அந்த பீக்கர் கதை? இனிமேல் கேட்க ஆளில்லை.

மூன்று மணிக்கு அரசுக் கல்லூரியின் ஆய்வுக்கூட உதவியாளர் வந்தார். அப்பாவின் காலடியில் வெகுநேரம் நின்றார். வெளியே வந்து உட்கார்ந்தவரிடம் பெரியப்பாவே கேட்டார்:

"ஏங்க, உங்க காலேஜ்ல ரொம்ப உடைப்பாங்களாமே?"

குற்றம் சாட்டுகிறார் என்று நினைத்துவிட்டார் மனிதர். "நான் என்னங்க பண்றது? லீவு நாள்லகூட பிள்ளைங்க லேப் சாவி கேட்டு வந்து நிக்குதுங்க. உங்க தம்பிகிட்டதான் சொல்லி அழுவேன். அவரு, 'இன்னும் உடைக்கட்டும்யா'ன்னுவாரு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

சின்னவள் உள்ளறைக்குப் போய், அரசுக் கல்லூரியின் பெயரைத் தொட்டாள். உறுதி செய்யலாமா என்று திரை கேட்டது. ஆம்.

அவள் திரும்பி வந்தபோது பெரியப்பா தன் நாற்காலியை உதவியாளர் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தார். பெண்கள் விடுதியில் ஓர் அறைக்கு எத்தனை பேர், சன்னல் இருக்கிறதா என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்.