கறுப்பாக்கிய கண்

தோத்தோவின் இடது கண்ணில் ஊசி போட இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. பிலிப்பைன்ஸில் எங்கள் இலோய்லோ நகர மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். என் அக்கா மகன். இரண்டு வயது நான்கு மாதம்.

அக்கா மரிவிக்குக்கு ஹாங்காங்கில் வீட்டு வேலை. ஞாயிறு மட்டும் விடுமுறை. நடைபாலத்தில் அட்டை விரித்து உட்கார்ந்து வீடியோவில் அழைத்தாள்.

“தோத்தோ, அம்மாவுக்கு முத்தம் குடு.”

அவன் திரையில் பிஸ்கட்டை அப்பினான்.

“அடப்பாவி! இன்டாய், நீ அனுப்புற படத்துல மட்டும் சினிமாக்காரன் மாதிரி இருக்கான். இங்க பாரு, மூக்கு ஒழுகுது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விழித்திரை விலகியிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோட்ஸ் நோய் என்றால் இரத்தக் குழாய்க் கசிவுதான். ஊசியால் நீரை எடுத்தால் கண் தப்பலாம். புற்றுநோயும் இதே மாதிரி தெரியும். அதுவானால் ஊசியே கூடாது, துளை வழியாக வெளியே பரவிவிடும். கண்ணை எடுத்தால்தான் உயிர் தப்பும். புற்றுநோயானால் பெரும்பாலும் ஸ்கேனில் சுண்ணாம்புத் துகள் தெரியும்; இவனுக்கு இல்லை.

“சின்ன வயசுப் படம் இருக்கா? கண்ணு வெள்ளையா மின்னுதான்னு பாக்கணும். அப்பவே மின்னியிருந்தா புற்றுநோயைத்தான் சந்தேகப்படணும்,” என்று டாக்டர் கேட்டிருந்தார்.

அக்காவுக்கு அனுப்பியவற்றைக் காட்டினேன். எல்லாவற்றிலும் இரண்டு கண்ணும் கறுப்பு.

“அப்போ இப்பத்தான் வந்திருக்கு. நல்லது,” என்றார்.

அந்த ‘நல்லது’ எனக்கு வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

முன்பு ஒருமுறை படத்தில் கொசுக்கடியைப் பார்த்துவிட்டு அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதன்பின் படத்தில் எந்தக் குறை இருந்தாலும் போனிலேயே துடைத்துத்தான் அனுப்பினேன். வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். முதல் பிறந்தநாள் படத்தில் இடது கண் பூனைக்கண் போல மின்னியது. ஃப்ளாஷ் என்று நினைத்தேன். உயிரியல் படித்தவள் நான். அதற்குப் பிறகு பதினான்கு படங்களில் அதே மினுமினுப்பு.

“டிசம்பர்ல வரப்போ ரெண்டு கண்ணாலயும் என்னைப் பாக்கணும், இன்டாய். வேற எதுவும் வேணாம். உன் படத்தையெல்லாம் கட்டில் பக்கத்துல ஒட்டிவெச்சிருக்கேன். படுக்குறதுக்கு முன்னாடி அவன் கண்ணைத் தொட்டுப் பாப்பேன்,” என்றாள் அக்கா திரையில்.

அவள் தொட்டுக்கொண்டிருந்தது நான் பூசிய கறுப்பை.

டாக்டர் உள்ளே வந்தார். “என்ன தோத்தோ, எனக்கு பிஸ்கட் கிடையாதா?”

தோத்தோ பாதி கடித்ததை நீட்டினான். அவர் முகத்துக்கு நேராக இல்லை, சற்றுத் தள்ளி.

“யாரு, டாக்டரா?” என்றாள் அக்கா. “அவர்கிட்ட குடு, நான் ஒரு வார்த்தை நன்றி சொல்றேன்.”

போனைக் கொடுக்கவில்லை. அணைக்கவும் இல்லை.

“டாக்டர், ஊசி போடாதீங்க,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “ஊசி போடாதீங்க. ஒரு வயசுலேயே அந்தக் கண்ணு வெள்ளையா மின்னுச்சு. படத்துல நான்தான் கறுப்பாக்கினேன்.”