மேட்டு வழி

காந்தலூருக்கு மேலே ஓடைக்கரையில் சோலை மரக்கன்றுகள் நட எங்கள் நிறுவனம் நிதி தருகிறது. அங்கே வேலை நடத்தும் ஜோமோன் அனுப்பிய அறிக்கையில், பெண்களுக்கு நேர்ந்த தொந்தரவு பற்றிய புகார்கள் என்ற கட்டத்தில் இம்முறையும் பூஜ்யம். நிதி தொடர நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

கூடவே, கன்று சுமந்தவர்களின் போன்கள் பதிவு செய்த நடைவழி வரைபடமும் இருந்தது. ஆண்களின் கோடுகள் நேராக ஓடைக்குப் போயின. பதினான்கு பெண்களின் கோடுகளும் வழியிலிருக்கும் பம்ப் ஹவுஸுக்கு முன்பே விலகி, மேட்டில் ஏறிச் சுற்றி இறங்கின. போன் கோளாறாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். அப்படியென்றால் ஆண்களின் போன்களுக்கு மட்டும் ஏன் கோளாறு இல்லை?

நேரில் போனேன். கன்றுக் கூடையோடு மூச்சு வாங்க மேடேறிக்கொண்டிருந்த சிசிலியிடம் காரணம் கேட்டேன்.

"பம்ப் போடுற ஆளு வழிய மறிச்சுக் கையப் புடிப்பான் மேடம். எம்பேரு மட்டும் வெளிய வரக் கூடாது. வேலை போயிரும்."

அந்த ஆளை இன்றே அங்கிருந்து மாற்றுங்கள் என்று ஜோமோனிடம் சொன்னேன்.

"எழுதிக் குடுத்த பராதி, புகார் ஒண்ணுகூட இல்லையே மேடம்?"

கோபம் வந்தால் என் குரல் தணிந்துவிடும். வரைபடத்தை அவர் மேசையில் விரித்தேன்.

"பாருங்க. பதினாலு பேரும் காலால எழுதிக் குடுத்திருக்காங்க."